ராக்கெட் விட்டால் படிப்பு வருமா?

நம் சங்கத்தில் பொங்கல் விழாவானாலும் சரி, ஆண்டுப் பொதுக்குழுவானாலும் சரி, நான்கு பெற்றோர் கூடி நின்றால் பேச்சு பிள்ளைகளின் படிப்பில்தான் போய் நிற்கிறது. கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னை, வாயில் "உங்க பையன் எந்தக் கோச்சிங்?" என்ற கேள்வி. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கு நிலம், நீச்சு எல்லாமே படிப்புதான். அதை வைத்துத்தான் இந்த ஊரில் காலூன்றினோம். ஆகவே அந்தக் கவலை நியாயமானதே.

ஆனால் அந்தப் படிப்பு இன்று எப்படி நடக்கிறது என்று பார்த்தால் எனக்குப் பழைய காலத்துப் பாசஞ்சர் வண்டிதான் நினைவுக்கு வருகிறது. அதில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக உள்வழி கிடையாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஓடிப்போய், அங்கே ஏற வேண்டும். நம் பிள்ளைகளின் பாடங்களும் அப்படித்தான். கணக்குப் பெட்டியில் இருப்பவன் பௌதிகப் பெட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. சரித்திரப் பெட்டி பரீட்சை முடிந்ததும் கழற்றி விடப்படுகிறது. தமிழ்ப் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது யார்டிலேயே நிற்கிறது.

எங்கள் காலனியில் பத்தாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிற ஒரு பையன் இருக்கிறான். 45 டிகிரியின் 'டேன்' மதிப்பு என்ன என்றால் தூக்கத்தில் கேட்டாலும் 1 என்பான். எதிரே நிற்கும் தண்ணீர் டாங்கைக் காட்டி, "இதன் உயரம் என்ன இருக்கும், கண்டுபிடி பார்க்கலாம்" என்றேன். அவன் சொன்ன பதில்: "ஆங்கிள் கேள்வியிலேயே கொடுத்திருப்பாங்களே, அங்கிள்!" கோணத்தை நாமே அளக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. புத்திக் குறைவால் அல்ல. இத்தனை வருஷத்தில் எதையும் அளந்து பார் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாடங்களை இணைக்க ஒரு வழி, பிள்ளைகளைக் கொண்டு ராக்கெட் செய்ய வைப்பது. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

எந்த ராக்கெட்?

அமெரிக்காவில் 1950-களிலிருந்தே சிறுவர்களுக்கான மாதிரி ராக்கெட்டுகள் உண்டு. காகிதக் குழாய், பால்சா மரச் சிறகு, தொழிற்சாலையில் செய்து முத்திரையிட்ட சிறு மோட்டார், அதற்கென்று பாதுகாப்பு விதிகள். அந்த மோட்டார்கள் நம் கடைத்தெருவில் கிடைக்கிற சாமான் அல்ல. வீட்டில் மருந்து இடித்து நாமே செய்வது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். அந்தப் பக்கமே பிள்ளைகளை விடக்கூடாது.

நமக்கு ஏற்றது தண்ணீர் ராக்கெட். குளிர்பானம் வந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, சைக்கிள் பம்ப்பினால் காற்றடித்து, பூட்டை விடுவித்தால் தண்ணீர் கீழே பீறிடும், பாட்டில் மேலே பாயும். நெருப்பு இல்லை, மருந்து இல்லை. தோட்டக் குழாய்க்குப் போடுகிற 'கிளிக்' இணைப்பு ஒன்று, பழைய டியூபிலிருந்து வெட்டிய வால்வு ஒன்று, கேஜ் வைத்த பம்ப் ஒன்று இருந்தால் ஏவுதளம் தயார். சென்ற குளிர்காலத்தில் காலனி மைதானத்தில் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்தேன். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

பாட்டிலில் இருந்து பாய்லர் வரை

முதல் பாடம் பாட்டிலிலேயே இருக்கிறது. வெறும் தண்ணீர் விற்கிற பாட்டில் இதற்கு ஆகாது, சோடா வகைப் பானம் வந்த பாட்டில்தான் வேண்டும். ஏன்? கரியமில வாயுவை அழுத்தி அடைப்பதால் அதன் சுவர் உறுதியாகவும், அடிப்பாகம் ஐந்து கால் வைத்தும் செய்யப்பட்டிருக்கிறது. ரசாயனம் அங்கே ஆரம்பிக்கிறது.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏர் பிரேக் வண்டியில் பிரேக் பைப்பில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். நம் பாட்டிலுக்கு 4 கிலோ உச்ச வரம்பு, அதற்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக்கூடாது. அந்த 4 கிலோவையும் நம்பி விடக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். பாய்லரைச் சோதிக்கிற மாதிரிதான். பாட்டில் நிறையத் தண்ணீர் நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் செய்து, ஒன்றரை மடங்கு, அதாவது 6 கிலோ வரை அழுத்திப் பார்ப்பது. காற்றை அழுத்தினால் சுருங்கிச் சக்தியைச் சேர்த்து வைக்கும், உடைந்தால் வெடிக்கும். தண்ணீர் அநேகமாகச் சுருங்காது, ஆகவே பாட்டில் கிழிந்தாலும் ஒழுகுவதோடு சரி. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளை, குக்கர் ஏன் வெடிக்கிறது என்பதையும் அம்மாவுக்கு விளக்குவான்.

சோதனையில் தேறாத பாட்டில் எப்படிக் கிழிகிறது தெரியுமா? நெடுக்காக. உருளையின் சுவரில் சுற்றுவாட்டில் விழும் இழுவிசை, நீளவாட்டில் விழுவதைப் போல இரண்டு மடங்கு. நீராவி எஞ்சின் காலத்தில் பாய்லரின் நெடுக்கு மூட்டுக்கு அத்தனை மரியாதை கொடுத்ததற்கும் இதுவே காரணம். டிப்ளமா வகுப்பில் கரும்பலகையில் பார்த்து நான் எழுதிக்கொண்ட சூத்திரத்தை இந்தப் பிள்ளைகள் கிழிந்த பாட்டிலில் விரலை வைத்துத் தெரிந்துகொண்டார்கள்.

கணக்கு எங்கே வருகிறது?

4 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் என்ன வேகத்தில் வெளியேறும்? அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, நீரின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்குச் சுமார் 28 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். மெயில் வண்டியின் வேகத்தில் ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் வருகிறது என்றதும் பிள்ளைகளின் கண் விரிகிறது. வர்க்கமூலம் என்ற சொல்லுக்கு அன்றுதான் உயிர் வந்தது.

அடுத்தது உயரம். ஒரு பாகைமானி, ஒரு நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு: கோணமானி முடிந்தது. ஏவுதளத்திலிருந்து 50 மீட்டர் டேப் வைத்து அளந்து ஒருத்தி அங்கே நிற்கிறாள். ராக்கெட் உச்சியைத் தொடும்போது கோணம் 40 டிகிரி. அதன் 'டேன்' 0.84. ஐம்பதால் பெருக்கினால் 42, அவள் கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் சுமார் 43 மீட்டர்.

இதோடு விடவில்லை. மூன்று பேர் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு, உச்சியிலிருந்து தரைக்கு வர எவ்வளவு நேரம் என்று பார்த்தார்கள். மூன்று கடிகாரத்தில் மூன்று விதம். சராசரி எதற்கு என்பது அங்கே புரிந்தது. சராசரி மூன்றரை வினாடி. புத்தகச் சூத்திரத்தில் போட்டால் 60 மீட்டர் வருகிறது! கோணம் சொல்வதோ 43. மிச்சம் 17 மீட்டர் எங்கே போயிற்று? அரை மணி நேரம் சண்டை. யார் தப்பாக அளந்தது என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டி முடித்த பிறகு ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள்: "பாட்டில் காலிதானே, காற்று அதைத் தாங்கிப் பிடிக்காதா?" அதுதான் விடை. 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' என்று ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, அந்தப் புறக்கணித்த காற்றை அவள் நேருக்கு நேர் சந்தித்துவிட்டாள்.

இன்னொன்று. தண்ணீரை 200 மில்லி, 400, 600, 800 என்று மாற்றி மாற்றி விட்டு வரைபடம் போடச் சொன்னேன். தண்ணீர் கூடக் கூட உயரமும் கூடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. கோடு ஏறி, ஒரு திமில் காட்டி, இறங்கிவிட்டது. தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் இல்லை, மிகுந்தால் தள்ளுகிற காற்றுக்கு இடம் இல்லை. நடுவே ஓர் அளவு இருக்கிறது, அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினீயரிங் முழுவதும் இந்தத் தேடல்தான்.

பத்திரிகை ஆசிரியரும் தடுமாறிய இடம்

ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு மேலே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் தரையை என்பார்கள், அல்லது காற்றை என்பார்கள். வெட்கப்பட வேண்டாம். 1920-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே, காற்றில்லாத வெளியில் ராக்கெட் வேலை செய்யாது என்று ராபர்ட் கொடார்ட் என்ற பேராசிரியரைக் கேலி செய்து தலையங்கம் எழுதியது. அவர் பதிலுக்கு 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்டுக் காட்டினார். அது பறந்தது இரண்டரை வினாடி, எட்டிய உயரம் 41 அடி. பத்திரிகை தன் தவற்றைத் திருத்தி எழுதியது 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள். கொடார்ட் அதற்குள் காலமாகி 24 ஆண்டுகள்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "கொடார்டின் ராக்கெட் 41 அடி, உங்களுடையது 43 மீட்டர்" என்றால் பிள்ளைகளுக்கு வருகிற பெருமிதத்தைப் பார்க்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி அதன் பிறகு மறக்காது. கூடவே இன்னொரு பெயரையும் சொல்லலாம். விண்வெளிப் பயணத்துக்கு ராக்கெட்டே வழி என்று 1903-ல் கணக்குப் போட்டு வெளியிட்ட ரஷ்யர் சியால்கோவ்ஸ்கி, சிறு வயதில் காய்ச்சலில் காது கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். பிழைப்புக்கு அவர் பார்த்த உத்தியோகம் பள்ளிக்கூட வாத்தியார்!

சரித்திரமும் பூகோளமும்

ராக்கெட்டின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலேயே நடந்தது. 1780 செப்டம்பர் 10 அன்று, ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிவைத்த புள்ளலூரில், ஹைதர் அலி, திப்புவின் படைகள் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தன. மைசூர் ராக்கெட்டுகளுக்கு அந்த வெற்றியில் பங்குண்டு. காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய் போட்டதால் உள்ளே அதிக அழுத்தம் தாங்கிற்று, நீண்ட மூங்கில் கழி கட்டியதால் திசை மாறாமல் போயிற்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போரின் ஓவியத்தை இன்றும் பார்க்கலாம். 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு இங்கிலாந்து சென்ற மைசூர் ராக்கெட்டுகளை ஆராய்ந்துதான் காங்கிரீவ் என்பவர் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். 2018-ல் ஷிமோகா மாவட்டத்தில் ஒரு கிணற்றைத் தூர் வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ராக்கெட் குழாய்கள் கிடைத்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். ராக்கெட்டின் கதையில் பாதி போர்க்களம்தான், அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் பேச வேண்டும்.

மூங்கில் கழி எதற்கு என்ற கேள்வியை நம் பாட்டிலிடம் கேட்கலாம். சிறகு இல்லாத பாட்டில் குட்டிக்கரணம் போட்டது. பின்னால் சிறகு ஒட்டி, மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்ததும் அம்பு போலப் போயிற்று. கனத்தின் மையம் முன்னால், காற்று அழுத்தும் மையம் பின்னால். கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்த்தே இதைச் சோதித்துவிடலாம்.

பூகோளம் வேண்டுமா? திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவக் கிராமத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போகிறது. அங்கே மேரி மக்தலேனா தேவாலயத்தை விட்டுக்கொடுத்த மக்களின் பெருந்தன்மையால்தான் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. ஸ்ரீஹரிகோட்டா ஏன்? கிழக்கே கடல், பூமி சுழலும் திசையும் கிழக்கு, அங்கே சுழற்சி வேகம் வினாடிக்குச் சுமார் 450 மீட்டர், அது இலவசம். அப்படியென்றால் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ஏன் இன்னொரு ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்? துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி விடும்போது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், தூத்துக்குடிக் கரையிலிருந்து நேராகப் போகலாம். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவின் செலவு கட்டாது. ஒரு தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

தமிழுக்கு என்ன வேலை?

நம் சங்கத்துக்கு இதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் முன்பெல்லாம் பெஞ்சு போதாது, இப்போது பெஞ்சு மிச்சம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், வெளியே இந்தி, பள்ளியில் ஆங்கிலம். தமிழில் எழுத அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. 'என் அன்னை' என்று எத்தனை கட்டுரைதான் எழுதுவார்கள்?

ராக்கெட் விட்டவுடன் ஒரு நோட்டில் தமிழில் குறிப்பு எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். எவ்வளவு தண்ணீர், என்ன அழுத்தம், என்ன கோணம், எப்படிப் போயிற்று. 'ராக்கெட் நல்லா போச்சு' என்று ஆரம்பித்தவர்கள், மறுவாரம் அந்தக் குறிப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கண்டதும், 'பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்தது. ஒரு சிறகு கழன்றிருந்தது' என்று எழுத ஆரம்பித்தார்கள். சாய்ந்தது, சரிந்தது, கவிழ்ந்தது மூன்றும் ஒன்றல்ல என்று தமிழில் விவாதித்தார்கள். ராக்கெட்டுக்குத் தமிழ் உண்டா என்று கேட்டபோது வாணம், ஏவுகணை, ஏவூர்தி என்று மூன்றையும் சொல்லி, எது எதற்குப் பொருந்தும் என்று அவர்களையே தீர்ப்புச் சொல்ல விட்டேன். சொல்லுக்குத் தேவை வந்தால் மொழி தானே வரும்.

ஆட்சேபணைகளுக்குப் பதில்

'இதற்கு நேரம் ஏது? பரீட்சை இருக்கிறதே' என்பார்கள். ராக்கெட் விட்டால் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடாது, இலக்கணமும் வந்துவிடாது. உட்கார்ந்து பயிற்சி செய்யத்தான் வேண்டும். எதற்காக இந்தப் பயிற்சி என்று தெரிந்தவன் உட்காருவதற்கும் தெரியாதவன் உட்காருவதற்கும் வித்தியாசம் உண்டு என்பதே என் வாதம். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்குள் ஏதேனும் ஒரு சமயம் 10 நாள் பை இல்லாமல் கைத்தொழில் பழகச் சொல்கிறது.

'ஆபத்து இல்லையா?' உண்டு, சைக்கிளிலும் உண்டு. விதிகள் கறாராக இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இல்லாமல் பம்ப்பைத் தொடக்கூடாது. காற்றடித்த பாட்டிலின் அருகே போகக்கூடாது, 10 மீட்டர் தள்ளி நின்று கயிற்றை இழுத்தே விடுவிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி. மூக்கில் இரும்போ கல்லோ கூடாது. கோடு விழுந்த பாட்டில் குப்பைக்கு. ரயில்வேயில் சிக்னல் எப்படியோ அப்படி, இதில் 'பரவாயில்லை' கிடையாது. விதியை மதிக்கப் பழகுவதும் ஒரு பாடமே.

மூன்றாவது ஆட்சேபணையை நானே எழுப்புகிறேன், ஏனெனில் அதுதான் வலுவானது: இது வெறும் தமாஷாகிவிடாதா? ஆகிவிடும், நாம் விட்டால். கடையில் கிட் வாங்கி, அப்பா ஒட்டிக்கொடுத்து, சிறப்பு விருந்தினர் பொத்தானை அமுக்கி, எல்லோரும் கைதட்டி, போட்டோ எடுத்துக் கலைந்தால் அதற்குத் தீபாவளி வாணமே மேல். ஏவுவது பத்து வினாடி வேலை. அதற்கு முன் இரண்டு வாரம் செய்வதும், பின் ஒரு வாரம் அளந்து எழுதி, ஏன் இப்படி ஆயிற்று என்று மண்டையை உடைத்துக்கொள்வதும்தான் படிப்பு. வெட்டுவதையும் ஒட்டுவதையும் பிள்ளைகளே செய்ய வேண்டும். பெண் பிள்ளைகளை நோட்டு எழுத மட்டும் வைத்துவிட்டுப் பம்ப்பைப் பையன்களிடம் கொடுக்கிற வழக்கமும் உதவாது.

கடைசியாக ஒரு செய்தி. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல், விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்தவர், ரயில்வே டெக்னீஷியன் ஒருவரின் மகன், முதலில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவர். ஸ்பேனர் பிடிக்கிற வீட்டிலிருந்தும் நிலாவுக்கு வழி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். எல்லாப் பிள்ளையும் அங்கே போக வேண்டியதில்லை. தண்ணீர் டாங்கின் உயரத்தைத் தானே அளந்து சொல்லத் தெரிந்தால் போதும்.

சங்கத்துக்கு என் யோசனை இது. வரும் குளிர்காலத்தில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், தமிழ் வகுப்பு முடிந்தபின் இரண்டு மணி நேரம். நாலு பேர் கொண்ட மூன்று குழு. சாமான் செலவு, கேஜ் வைத்த பம்ப்பையும் சேர்த்து, சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதை நன்கொடையாகத் தர ஒரு அன்பர் முன்வரக்கூடும். ஆள்தான் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சரித்திரத்துக்கு, கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தவர் வரைபடத்துக்கு, நோட்டைத் திருத்தத் தமிழ் படித்த ஒருவர். நம்மிடையே இத்தனை பேரும் இருக்கிறோம், மாலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து விலைவாசி பேசிக்கொண்டிருக்கிறோம். பம்ப்புக்கும் பாதுகாப்புக்கும் நான் பொறுப்பு. விருப்பமுள்ளவர்கள் தீபாவளிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பாட்டில்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள், மூடியோடு!